யாரை அழைப்பது, எப்போது அழைப்பது: கனடாவின் குடிவரவுக் குழு

கனடாவின் கீழவை ஆண்டுக்கு ஏறத்தாழ 26 வாரங்கள்தான் கூடுகிறது. அந்த வாரங்களில் குடியுரிமை, குடிவரவு நிலைக்குழு வழக்கமாக இரண்டு நாள் அமரும். நாளுக்கு இரண்டு மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு நூறு மணி நேரத்தை ஒட்டி வருகிறது. அகதிச் சட்டங்கள், குடியுரிமைத் திருத்தங்கள், துறையின் பல நூறு கோடி டாலர் மானியக் கோரிக்கை, மாணவர் விசா மோசடி, ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடக்கும் விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் இந்த நூறு மணி நேரத்துக்குள்தான் முடிக்க வேண்டும். அடுத்த ஆண்டு எத்தனை லட்சம் பேரை நாட்டுக்குள் அனுமதிப்பது என்ற கேள்வியும் இதே நேரத்துக்குள்தான் வருகிறது.

ஆகவே குழுவுக்குள் நடக்கும் முதல் சண்டை கொள்கை பற்றியதல்ல, நாட்காட்டி பற்றியது. எந்த விஷயம் முதலில், எந்தச் சாட்சி எந்தச் செவ்வாய்க்கிழமை, அமைச்சர் ஒரு மணி நேரம் இருப்பாரா இரண்டு மணி நேரம் இருப்பாரா என்பதெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அலுவலக வேலையாகத் தோன்றும். சட்டத்தின் தலையெழுத்து பல நேரம் அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

ஒவ்வொரு நாடாளுமன்றத் தொடரின் தொடக்கத்திலும் குழு சில நடைமுறைத் தீர்மானங்களை நிறைவேற்றிக்கொள்ளும். தலைவரும் ஒவ்வொரு அங்கீகரிக்கப்பட்ட கட்சியிலிருந்து ஒருவருமாக ஒரு துணைக்குழு அமையும். அடுத்த சில வாரங்களின் வேலையைத் திட்டமிடுவது அதன் பொறுப்பு. அது பெரும்பாலும் மூடிய கதவுக்குள் கூடும். அங்கு எட்டும் உடன்பாட்டை முழுக் குழு ஏற்க வேண்டும். பிறகு ஒரு கெடு வைக்கப்படும். இந்தத் தேதிக்குள் ஒவ்வொரு கட்சியும் தனக்கு வேண்டிய சாட்சிகளின் பெயர்களை, முன்னுரிமை வரிசையில், குழுச் செயலரிடம் கொடுத்துவிட வேண்டும். கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப இடங்கள் பங்கிடப்படும். பட்டியலின் மேலிருந்து செயலர் ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்குவார். நாடாளுமன்ற நூலகத்தின் ஆய்வாளர்கள் உறுப்பினர்களுக்கான குறிப்புகளைத் தயாரிப்பார்கள்.

இந்தப் பங்கீட்டு முறையின் விளைவை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு பொருளை எல்லாப் பக்கமிருந்தும் அறிந்துகொள்ள என்று சாட்சிகள் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு கட்சியும் தன் வாதத்துக்கு வலுச் சேர்ப்பவரைத்தான் அழைக்கும். குடிவரவு வழக்கறிஞர்கள், அகதிகள் நல அமைப்புகள், கொள்கை ஆய்வு நிறுவனங்கள், முதலாளிகள் சங்கங்கள், பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எல்லோரும் வருவார்கள். சட்டத்தால் நேரடியாகப் பாதிக்கப்படும் ஆள் வருவது அபூர்வம். அவர் சார்பில் பேச ஒரு வழக்கறிஞர் இருப்பார்.

இனி அந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். இரண்டு மணி நேரக் கூட்டம் பொதுவாக இரண்டு அமர்வாகப் பிரிக்கப்படும். ஓர் அமர்வில் மூன்று சாட்சிகள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஐந்து நிமிட முன்னுரை, ஆகப் பதினைந்து நிமிடம். முதல் சுற்றுக் கேள்விகளுக்குக் கட்சிக்கு ஆறு நிமிடம். 2025 தேர்தலுக்கு முன்பிருந்தபடி நான்கு கட்சிகள் என்றால் இருபத்து நான்கு. இரண்டாம் சுற்றில் பெரிய கட்சிகளுக்கு ஐந்து, சிறிய கட்சிகளுக்கு இரண்டரை. ஐம்பத்து நான்கு நிமிடம் போய்விட்டது. இதிலும் அந்த ஆறு நிமிடம் கேள்விக்கும் பதிலுக்கும் சேர்த்துத்தான். கேட்பவர் நான்கு நிமிடம் அரசியல் பேசிவிட்டு "ஆமா, இல்லையா" என்று முடித்தால், வான்கூவரிலிருந்து வந்த சாட்சிக்கு மிஞ்சுவது அந்த ஒற்றைச் சொல்தான்.

கோவிட் காலத்துக்குப் பிறகு பல சாட்சிகள் காணொளி வழியே வருகிறார்கள். அதிலும் ஒரு வாசல் இருக்கிறது. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு நடக்கும். மோசமான ஒலியால் மொழிபெயர்ப்பாளர்களின் காது பாதிக்கப்பட்டதால், அவை அங்கீகரித்த ஹெட்செட் இல்லாமல் பேச முடியாது. கூட்டத்துக்கு முன்பே ஒலிச் சோதனை உண்டு. அதில் தேறாதவர் அன்று பேச முடியாமல் போகலாம். அவர் அனுப்பும் ஆவணமும் இரு மொழியிலும் இருந்தால்தான் உறுப்பினர்களிடம் விநியோகிக்கப்படும். மொழிபெயர்ப்பு தாமதமானால் சாட்சி பேசி முடித்துப் போன பிறகுதான் அவருடைய காகிதம் மேசைக்கு வரும்.

இதற்கு மேல் மணி அடிக்கும். அவையில் வாக்கெடுப்பு என்றால் உறுப்பினர்களை அழைக்கும் மணி ஒலிக்கத் தொடங்கியதும், எல்லோரும் சம்மதித்தால் ஒழிய, குழுத் தலைவர் கூட்டத்தை நிறுத்தியாக வேண்டும். அரை மணி நேர மணியும் வாக்கெடுப்பும் முடிந்து அவர்கள் திரும்பும்போது அமர்வு ஏறக்குறைய தீர்ந்திருக்கும். மணி அடிக்காத நாளிலும் ஆபத்து உண்டு. தன் முறை வந்ததும் ஓர் உறுப்பினர் சாட்சியை விட்டுவிட்டு ஒரு தீர்மானத்தை முன்மொழியலாம். தீர்மானத்தின் மீதான விவாதத்துக்குக் குழுவில் பொதுவாக நேர வரம்பு இல்லை. கட்சிகள் முட்டிக்கொள்ள, சாட்சிகள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் தலைவர் நன்றி சொல்லி அனுப்பிவைப்பார்.

குழு தன் விருப்பப்படி நாட்காட்டியை நிரப்பவும் முடியாது. வெளியிலிருந்து கட்டளையிடும் கடிகாரங்கள் பல. மார்ச் 1க்குள் வரும் மானியக் கோரிக்கைகளை மே 31க்குள் பார்த்து முடிக்க வேண்டும். பார்க்காவிட்டாலும் பார்த்ததாகவே கொள்ளப்படும். அமைச்சரைப் பணக் கணக்கின் பேரில் உட்காரவைத்துக் கேட்க அதுவே சாக்கு என்பதால் எதிர்க்கட்சிகள் அந்தத் தேதியை விடாது. குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆண்டறிக்கையை அமைச்சர் நவம்பர் 1க்குள் அவையில் வைக்க வேண்டும். வரும் ஆண்டுகளுக்கான குடிவரவு எண்ணிக்கைத் திட்டமும் அந்தப் பருவத்தில்தான் வரும். 2024 அக்டோபரில் 2025க்கான நிரந்தர வதிவிட இலக்கை 5 லட்சத்திலிருந்து 3,95,000 ஆகக் குறைத்தபோது இலையுதிர்காலம் முழுவதும் அந்தப் பேச்சாகவே இருந்தது. தனி உறுப்பினர் மசோதா என்றால் 60 அமர்வு நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே ஒரு முறை 30 நாள் வாய்தா வாங்கலாம். அரசு மசோதா வந்துவிட்டால் மற்ற ஆய்வுகள் வழக்கமாக ஒதுங்கி வழிவிடும்.

இந்தக் கடிகாரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்குத் தமிழர்கள் மறக்க முடியாத எடுத்துக்காட்டு ஒன்று உண்டு.

2009 அக்டோபரில் ஓஷன் லேடி என்ற கப்பல் 76 தமிழர்களுடனும், 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ என்ற கப்பல் 492 தமிழர்களுடனும் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்தன. அடுத்தடுத்து மசோதாக்கள் வந்தன. 2010இல் வந்த ஒன்று நிறைவேறவில்லை. 2011இல் பெயர் மாறி வந்தது. 2012 பிப்ரவரியில் சி-31 என்ற பெரிய மசோதாவுக்குள் புகுந்தது. கூட்டமாக, முறைப்படி அல்லாமல் வந்து சேர்ந்தவர்கள் என்று அமைச்சர் அறிவித்தால், 16 வயது நிரம்பிய எல்லோரையும் கட்டாயமாகக் காவலில் வைக்க வேண்டும். அகதியாக ஏற்கப்பட்ட பிறகும் ஐந்து ஆண்டுகள் நிரந்தர வதிவிடம் கேட்க முடியாது. காவலை முதல் 12 மாதங்களுக்கு யாரும் மறுபரிசீலனை செய்யத் தேவையில்லை என்றது முதல் வடிவம்.

குழு அந்த மசோதாவை ஏப்ரல் கடைசியில் எடுத்து மே முதல் பாதியில் முடித்தது. இரண்டே வாரம். காரணம் வேறொரு சட்டத்தில் ஒளிந்திருந்தது. சி-31ஐக் கொண்டுவந்த கன்சர்வேடிவ் கட்சியே, 2010இல் சிறுபான்மை அரசாக இருந்தபோது, எல்லாக் கட்சிகளுடனும் பேரம் பேசி, விட்டுக்கொடுத்து, சி-11 என்ற அகதிச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. அது 2012 ஜூன் 29இல் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். அதற்கு ஒரு நாள் முன்பு, ஜூன் 28இல், சி-31 அரச ஒப்புதல் பெற்று அந்தச் சமரசத்தைப் பெருமளவு துடைத்துவிட்டது. 2011 தேர்தலில் அறுதிப் பெரும்பான்மை கிடைத்துவிட்டதால் இம்முறை யாரையும் கேட்கவேண்டிய தேவை இல்லை. இந்தக் குழுவின் வரலாற்றைப் படிப்பவர் இரண்டு மசோதாக்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே கட்சி, ஒரே அமைச்சர் ஜேசன் கென்னி, ஒரே குழு. உறுப்பினர் எண்ணிக்கை மாறியதும் கேட்கும் காதும் மாறிவிட்டது.

ஆனாலும் அந்த இரண்டு வாரமும் வீண் போகவில்லை. நீதி மறுபரிசீலனை இல்லாத நீண்ட காவல் அரசமைப்புக்கு முரணானது என்பதற்குச் சட்டத்துறையினர் கையில் வலுவான ஆதாரம் இருந்தது. வெளிநாட்டவரின் காவலை 120 நாள் வரை மறுபரிசீலனை செய்யாமல் வைப்பதையே 2007இல் சார்க்காவி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது. பன்னிரண்டு மாதம் எப்படி நிற்கும்? மே 9இல் கென்னி இறங்கிவந்தார். முதல் மறுபரிசீலனை 14 நாளில், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று திருத்தம் வந்தது. ஐந்தாண்டுத் தடை அப்படியே நின்றது. முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ராதிகா சிற்சபைஈசன் அப்போது எதிர்க்கட்சி வரிசையில்தான் இருந்தார். எண்ணிக்கை அவர் பக்கம் இல்லை.

நாட்காட்டியை உடைக்கவும் வழி உண்டு. நான்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் காரணத்தோடு கேட்டால், ஐந்து நாட்களுக்குள் தலைவர் கூட்டத்தைக் கூட்டியாக வேண்டும். அவை விடுமுறையில் இருக்கும் கோடைகாலத்தில் எதிர்க்கட்சிகளின் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இது. 2018 ஜூலையில், அமெரிக்க எல்லையைச் சோதனைச் சாவடி இல்லாத இடங்களில் கடந்து வந்தவர்கள் பற்றி அப்படித்தான் அவசரக் கூட்டம் நடந்தது. கூட்டாட்சி அமைச்சர்களோடு ஒன்டாரியோ மாநில அமைச்சரும் வந்து பேசினார். செய்தி ஊடகங்களுக்கு வேறு தீனி இல்லாத மாதம் என்பதும் எதிர்க்கட்சிகளுக்குத் தெரியாததல்ல.

கோடைக் கூட்டங்கள் எல்லாமே நாடகம் என்றும் சொல்லிவிட முடியாது. 2016 ஜூலையில் இந்தக் குழு ஆபத்தில் இருக்கும் சிறுபான்மையினர் பற்றி விசாரித்தபோது நாடியா முராத் வந்து பேசினார். ஐ.எஸ். பிடியில் சிக்கித் தப்பிய யசீதிப் பெண். அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். அக்டோபரில், 120 நாட்களுக்குள் யசீதிப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் புகலிடம் தரக் கீழவை ஒருமனதாகத் தீர்மானித்தது. சட்டத்தால் பாதிக்கப்படும் ஆள் அந்த நாற்காலியில் உட்காரும்போது என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

2023 ஜூன் மாதத்திலும் அப்படி ஒன்று நடந்தது. போலிச் சேர்க்கைக் கடிதங்களைத் தரகர்கள் கட்டிவிட்டதால், படிக்க வந்த இந்திய மாணவர்கள் பலர் பல ஆண்டுகள் கழித்து நாடுகடத்தல் ஆணையை எதிர்கொண்டார்கள். மிசிசாகாவில் அவர்கள் இரவும் பகலும் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சல்மா சாகித் தலைமையிலான குழு, நாடுகடத்தலை நிறுத்திவைக்கும்படி எல்லைப் பணிகள் முகமையை ஒருமனதாகக் கேட்டுக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் அமைச்சர் ஷான் ஃப்ரேசர் தனிப் பணிக்குழுவை அறிவித்து, உண்மையிலேயே ஏமாற்றப்பட்டவர்கள் வெளியேற்றப்பட மாட்டார்கள் என்றார். குழுவின் தீர்மானத்துக்கு அரசைக் கட்டுப்படுத்தும் சட்ட வலு கிடையாது. நான்கு கட்சிகளும் ஒரே பக்கம் நின்றதால் அந்த வலு தேவைப்படவில்லை.

இதே ஆண்டு, இதே குழு, இதே உறுப்பினர்கள் எஸ்-245 என்ற மசோதாவை என்ன பாடு படுத்தினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் பிறந்ததால் குடியுரிமையை இழந்த சிலருக்கு அதைத் திருப்பித் தரும் சிறிய மசோதா அது, செனட்டிலிருந்து வந்தது. புதிய ஜனநாயகக் கட்சியின் ஜெனி குவான் முதலிய உறுப்பினர்கள் அதை விரிவாக்க முயன்றார்கள். மசோதாவின் எல்லையைத் தாண்டிப் போக அவையின் அனுமதியைக் குழு கேட்டது. கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் பேசிப் பேசியே கூட்டங்களைக் கரைத்தார்கள். கடைசியில் விரிவாக்கப்பட்ட மசோதா அவைக்குத் திரும்பியது. அங்கே விவாத வரிசையில் திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளப்பட்டு நின்றுபோனது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒன்டாரியோ உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் பிறக்கும் முதல் தலைமுறையோடு வம்சாவளிக் குடியுரிமையை நிறுத்தும் 'முதல் தலைமுறை வரம்பு' அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அதற்காக 2024 மே மாதம் வந்த சி-71 மசோதா, 2025 ஜனவரி 6இல் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவின் கோரிக்கையின் பேரில் தொடர் முடித்துவைக்கப்பட்டதும் காலாவதியானது. தேர்தல் முடிந்து சி-3 என்ற பெயரில் அது திரும்ப வந்தபோது, குழுவில் எதிர்க்கட்சிகள் மொழித் தேர்வு, பாதுகாப்புச் சோதனை, ஐந்தாண்டுக்குள் 1,095 நாள் வசிப்பு என்று நிபந்தனைகளைச் சேர்த்தன. அவை அவற்றை நீக்கிவிட்டு நிறைவேற்றியது. 2025 நவம்பர் 20இல் அரச ஒப்புதல் கிடைத்தது. மூன்று மசோதாக்கள், இரண்டு நாடாளுமன்றங்கள், எத்தனையோ மணி நேரச் சாட்சியம். கடைசியில் காரியம் நடந்தது நீதிமன்றத்தின் நெருக்குதலால்தான்.

யாரை வரவழைக்க முடியும் என்பதிலும் ஒரு விநோதம் இருக்கிறது. சாதாரணக் குடிமகனுக்குக் குழு சம்மன் அனுப்பலாம்; சத்தியப் பிரமாணம் செய்யவைக்கலாம். அவர் மறுத்தால் விஷயம் அவைக்குப் போகும். எல்லையில் பயன்பட்ட அரைவ்கேன் செயலியின் ஒப்பந்தக்காரர் ஒருவர் இன்னொரு குழுவின் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லாததால், 2024 ஏப்ரல் 17இல் அவையின் முன் நிறுத்திக் கண்டிக்கப்பட்டார். 1913க்குப் பிறகு ஒரு தனிமனிதருக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. அமைச்சரோ நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் குழு அவருக்குச் சம்மன் அனுப்ப முடியாது. அழைப்புத்தான் விடுக்க முடியும். வராவிட்டால் அவையிடம் முறையிடலாம், அவ்வளவே. சாட்சிகளுக்கு ஒரு நல்ல பாதுகாப்பும் உண்டு. குழுவில் சொன்னதை வைத்து அவர்கள் மீது நீதிமன்றத்தில் வழக்காட முடியாது.

நாட்காட்டியை வெல்லும் இன்னொரு வழி, மசோதாவை வேறு குழுவுக்கு அனுப்பிவிடுவது. 2019இல், குறிப்பிட்ட சில நாடுகளில் ஏற்கெனவே தஞ்சம் கோரியவர்களின் மனுவை ஏற்க மறுக்கும் விதியை நிதிநிலை அறிக்கைச் சட்டமான சி-97க்குள் வைத்தார்கள். அது போய்ச் சேர்ந்த இடம் நிதிக் குழு. குடிவரவுக் குழு தொடர்புடைய பகுதிகளை அவசரமாகப் பார்த்தது. 2025 அக்டோபரில் வந்த சி-12, 2020 ஜூன் 24க்குப் பிறகு நாட்டுக்குள் வந்து ஓராண்டு கழித்துத் தஞ்சம் கேட்பவர்களை அகதிகள் வாரியத்தின் விசாரணைக்கு அனுப்பாமல் தடுக்கிறது. முழுக்க முழுக்க அகதிச் சட்டம் என்று சொல்லத்தக்க இந்தப் பகுதியைத் தாங்கிய மசோதா அனுப்பப்பட்டது பொதுப் பாதுகாப்புக் குழுவுக்கு. அதை அவையில் வைத்தவர் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கரி ஆனந்தசங்கரி, இலங்கையில் பிறந்து, 1983இல் சிறுவனாகக் கனடாவுக்கு வந்தவர். சி-31 காலத்தில் எதிர்க்கட்சி வரிசையில் ஒலித்த தமிழ்க் குரல், பதின்மூன்று ஆண்டுகளில் மசோதாவை முன்வைக்கும் மேசைக்கு வந்திருக்கிறது. இதை வளர்ச்சி என்பாரும் உண்டு, முரண் என்பாரும் உண்டு. இரண்டும் சரிதான்.

2025 தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சி ஏழு இடங்களுக்குச் சுருங்கியதும் குழுக்களின் முகமே மாறியது. அங்கீகாரத்துக்குப் பன்னிரண்டு வேண்டும். அங்கீகாரம் போனால் குழுவில் இடமில்லை, கேள்வி நேரமுமில்லை, சாட்சிப் பட்டியலில் பங்குமில்லை. அகதிகள் அமைப்புகளை ஆண்டுக்கணக்கில் பட்டியலில் ஏற்றிவந்த ஒரு கதவு அத்தோடு மூடிக்கொண்டது.

குழு அறிக்கை தாக்கல் செய்து பதில் கேட்டால் அரசு 120 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில்கள் பொதுவாக மரியாதையானவை, வழவழப்பானவை. 2017இல் குடிவரவு ஆலோசகர்களைக் கண்காணிப்பது பற்றி இந்தக் குழு காரசாரமான அறிக்கை தந்தது. அவர்களுக்கென்று புதிய ஒழுங்காற்று அமைப்பை உருவாக்கும் சட்டம் 2019இல்தான் வந்தது.

இவ்வளவு குறைகள் இருந்தும் இந்தக் கூட்டங்கள் திறந்த அரங்கில், நேரலையில், எழுத்துக்கு எழுத்துப் பதிவாகி நடக்கின்றன என்பது சிறிய விஷயமல்ல. ஆனால் சாட்சிப் பட்டியலைக் கட்சிகளின் கையில் மட்டும் விட்டிருப்பது தவறு. ஒவ்வொரு மசோதாவுக்கும் ஓர் அமர்வையாவது பாதிக்கப்படுபவர்களுக்கென்று ஒதுக்கி வைக்க எந்த விதியும் தடையாக இல்லை.

கனடாவில் உள்ள தமிழ் அமைப்புகளும் தனிமனிதர்களும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சாட்சியாக வர அழைப்பு வேண்டும். எழுத்து மூலம் கருத்துச் சொல்ல அழைப்பு வேண்டாம். குழு ஓர் ஆய்வையோ மசோதாவையோ எடுத்ததும் அதன் இணையப் பக்கத்தில் அறிவிப்பு வரும். அந்தக் கெடுவுக்குள், சுருக்கமாக, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதி, என்ன திருத்தம் வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லி, குழுச் செயலருக்கு அனுப்பலாம். மொழிபெயர்ப்புக்கு நாள் பிடிக்கும் என்பதால் கெடுவின் கடைசி நாள் வரை வைத்திருக்காமல் முன்கூட்டியே அனுப்புங்கள்.